கொசுவின் துளைப்பும் படுமிடமும்: மட்டாஞ்சேரியை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

கவசம் தோன்றிய மறுநாளே அதைத் துளைக்கும் கருவியும் தோன்றியிருக்க வேண்டும். கவசம் மூடாத இடத்தைத் தேடும் கண் அதற்கும் முந்தியது. கவசம், துளைப்பு, படுமிடம் ஆகிய இம்மூன்றின் உறவை வாள், வேல், அம்பு, தோட்டா ஆகியவற்றை வைத்து ஆராய்ந்தோர் பலர். கொசுவை வைத்து ஆராய்ந்தோர் இலர். மாலை ஆறரை மணிக்கு மேல் கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த எவரும் இதற்குத் தரவுப் பஞ்சத்தைக் காரணம் சொல்ல மாட்டார். தரவு தானே பறந்து வருகிறது. ஆராய்ச்சியாளர்தான் அதை அடித்துக் கொன்றுவிடுகிறார்.

கலைச்சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்வோம். துளைப்பாவது, தாக்கும் பொருள் கவசத்தைக் கவசமாக மதியாமை. படுமிடமாவது, தாக்கு வந்து விழும் உறுப்பு. கவசமாவது முண்டு, கைலி, காலுறை, போர்வை, தலையணை உறை, வேறு வழியில்லாத போது பாதத்தின் மேல் விரித்துக்கொள்ளும் முந்தைய நாள் செய்தித்தாள் ஆகிய அனைத்தும். ஓடோமாஸ் என்ற கொசுவிரட்டிக் களிம்பு கவசமா, உணவுக்கு இடும் தாளிதமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது வேறு ஆய்வுக்கு உரியது.

இந்த ஆய்வு பிறந்த இடம் யூதத் தெருவுக்குப் பக்கத்தில், கீழே சுக்குக் கிடங்கும் மேலே குடியிருப்புமான ஒரு பழைய வீடு. மசாலாக் கம்பெனிக் கணக்கர், கல்லூரி ஆசிரியர், கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கும் இளைஞர், பிழைப்புக்காகத் தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த நான் என்று ஒரு கூட்டம் விடுமுறை மாலைகளில் அங்கே பகடை உருட்டிக் கற்பனைப் போர் நடத்தும். ஒரு மாலை ஆட்டத்தின் நடுவே எழுந்த வழக்கு இது: கவசம் துளைக்கும் அம்பு ஒன்று வீரனின் காலில் பட்டது, காலிலோ கவசமே இல்லை, அப்படியானால் அம்பின் துளைப்பு வீணா, அல்லது எங்காவது வரவு வைக்க வேண்டுமா? மேசைக்கு மேலே வாதம் முற்றியது. மேசைக்குக் கீழே எட்டுக் கால்களும் ஒன்றையொன்று சொறிந்துகொண்டிருந்தன. தேநீர் கொண்டுவந்த வீட்டுக்காரச் சேச்சி சற்று நேரம் பார்த்துவிட்டு, மேலே நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள், கீழே அது வசூலை முடித்துக்கொண்டு போகிறது என்ற பொருளில் மலையாளத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். இவ்வாய்வின் கருதுகோள் அந்த வாக்கியம்தான்.

முன்னோர் கொள்கை

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, நடத்துநர் விரிக்கும் கதைக்குள் பகடையால் போரிடும் மேசை விளையாட்டுக்கு ஆதிநூல் 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஆதியாசிரியர் இருவர்: கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். அந்நூல் கவசத்தை ஒரே எண்ணாகச் சுருக்கிவிட்டது. நல்ல கவசம் என்றால் அடி படுவது அரிது. பட்டால், எங்கே பட்டது என்று கேட்பது மரியாதை இல்லை. இதில் மனநிறைவு கொள்ளாத ஆர்னெசன் மறு ஆண்டே பிளாக்மூர் என்ற துணைநூலில் உடலை உறுப்பு உறுப்பாகப் பிரித்தார்.

1978இல் ரூன்க்வெஸ்ட் வந்தது. அடி பட்டதும் 20 முகப் பகடையை உருட்ட வேண்டும். 1 முதல் 4 வரை வலக்கால், 8 வரை இடக்கால், 11 வரை வயிறு, 12 மட்டும் மார்பு, 15 வரை வலக்கை, 18 வரை இடக்கை, மீதி இரண்டும் தலை. ஒவ்வோர் உறுப்புக்கும் தனிக் கவசம், தனி உயிர்ப்புள்ளி. இருபது அடியில் எட்டு காலுக்குப் போகிறது, மார்புக்கு ஒன்றே ஒன்று! போர்க்களத்துக்கு இது பொருந்துமா என்று பலர் ஐயுற்றதுண்டு. மேசைக்கு அடியில் நடக்கும் போருக்கு இதைவிடப் பொருத்தமான பட்டியல் இன்றுவரை எழுதப்படவில்லை என்பது என் துணிபு.

துளைப்பைப் பற்றிப் பின்வந்தோர் இரு வகையாகப் பிரிந்தனர். 1990இல் வந்த சைபர்பங்க் 2020 கவசம் துளைக்கும் தோட்டாவுக்கு எதிரே கவசத்தைப் பாதியாக்கும். ஆனால் உள்ளே போனதையும் பாதியாக்கும். ஊடுருவிச் செல்லும் மெல்லிய பொருள் உள்ளே பெரிய சேதம் செய்யாது என்பது அவர்கள் நியாயம். தலையில் பட்டால் மட்டும் சேதம் இரட்டிப்பு. 1986இல் தோன்றிய கர்ப்ஸ் என்ற நூலோ ஒரே பலனுக்கு இரண்டு வாசல் வைத்தது. துளைக்கும் தோட்டாவை வாங்கிப் போட்டால் கவசத்தை இரண்டால் வகுக்கலாம். வாங்க வசதி இல்லையா? கவசத்தின் இடுக்கைக் குறிவைக்கலாம். உடலின் இடுக்கு என்றால் குறிபார்க்கும் திறனில் 8 குறையும், மற்ற உறுப்பின் இடுக்கு என்றால் 10 குறையும். பட்டுவிட்டால் அப்போதும் கவசம் பாதிதான். காசு கொடுத்து வாங்குவதைக் கண்ணாலும் வாங்கலாம் என்று இதனால் பெறப்படும். இதை நூற்பாவாக்கினால்,

துளைப்பு மிகின் இடம் தேர்தல் இகக்கும்;
இடம் தேர் வாய்ப்பின் துளைப்பு மிகையே.

இதன் பொருள்: எதையும் துளைக்கும் ஆயுதம் கையில் இருப்பவன் இடுக்குத் தேட மெனக்கெட மாட்டான். இடுக்கைத் தேடிப் பிடிக்கும் பொறுமை உள்ளவனுக்குத் துளைக்கும் ஆயுதம் தேவையில்லை. விளையாட்டு வடிவமைப்போர் இரண்டையும் ஒரே நூலில் வைத்துவிட்டு, ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடாமல் காவல் காப்பதற்கே பக்கம் பக்கமாக விதி எழுதுகிறார்கள்.

இந்நூற்பாவுக்குப் பழைய சான்றுகளும் உண்டு. ஹோமரின் இலியட்டில் ஹெக்டர் அணிந்து வந்த கவசம் அகிலீசுக்குச் சொந்தமானது; பட்ரோக்ளசைக் கொன்று பறித்தது. கவசத்தில் குற்றம் இல்லை. ஆனால் கழுத்தடியில் அது எங்கே மூடவில்லை என்பது பழைய உரிமையாளருக்குத் தெரியாமல் இருக்குமா? அகிலீசின் ஈட்டி அங்கேதான் போனது. துளைப்பு தேவைப்படவில்லை.

நம்மவர் படுமிடத்தைச் சேதத்தால் அளக்கவில்லை, மானத்தால் அளந்தார்கள். மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் புறப்புண். வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகுப் புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். கரிகாலன் எறிந்த வேல் மார்பில் பாய்ந்து முதுகு வழியே வெளியேறியதால் வந்த புண் அது என்று சொல்லும் வழக்கு உண்டு. அதை ஏற்றால், துளைப்பு மிகுந்ததால் படுமிடமே மாறிப்போன உலகின் முதல் வழக்கு இதுவாகும். முன்னே பட்டது ஒன்று, பதிவானது வேறொன்று. எந்த மேல்நாட்டு விதிநூலும் இந்தச் சிக்கலைத் தொடவில்லை. வேல் இவ்வளவு கூர்மையாக இல்லாதிருந்தால் சேரமான் வீட்டுக்குப் போயிருப்பான்.

கொச்சிக் கரைக்கும் இத்துறையில் பங்கு உண்டு. இங்குள்ள லத்தீன் கிறிஸ்தவர் ஆடும் சவிட்டு நாடகத்தில், சின்னத்தம்பி அண்ணாவியார் இயற்றியதாகச் சொல்லப்படும் காறல்மான் சரிதம் பேர்பெற்றது. சார்லமேனும் அவன் வீரர்களும் பளபளக்கும் உடையில் பலகை அதிர மிதித்துக்கொண்டு தமிழ் கலந்த மொழியில் சண்டையிடுவார்கள். ஓயாமல் மிதித்துக்கொண்டே இருக்கும் காலில் கொசு உட்காருவது கடினம் என்பதை இக்கலையின் ஆராய்ச்சியாளர்கள் இதுவரை கவனிக்கவில்லை.

ஆயுத இயல்

கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டைக்குப் புரதம் வேண்டி. அதன் எடை இரண்டு மூன்று மில்லிகிராம். குடிக்கும் இரத்தம் ஏறக்குறைய அதன் எடையளவு வரும். சாப்பிட்டு எழும்போது தன் எடைக்குத் தானே சுமைகூலி கேட்க வேண்டிய நிலையில் பறக்கும் பிராணி அது.

வெளியே நமக்குத் தெரியும் மூக்கு வெறும் உறை. அது தோலுக்குள் போவதில்லை; கடிக்கும்போது வில்லாக மடங்கி வெளியே நின்றுவிடும். உள்ளே போவது அதற்குள் இருக்கும் ஆறு ஊசிகளின் கட்டு. இரண்டு ஊசிகளின் நுனியில் நுண்ணிய பற்கள் உண்டு. இரண்டு திசுவை விலக்கிப் பிடிக்கும். ஒன்று எச்சிலை இறக்கும். ஒன்று இரத்தத்தை ஏற்றும். மொத்த நீளம் சுமார் 2 மில்லிமீட்டர். இந்த 2 மில்லிமீட்டரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் எல்லா வாதமும் அதன் மேல்தான் நிற்கிறது.

மட்டாஞ்சேரிக்காரருக்கு இக்கருவி புதிதல்ல. மூட்டையைப் பிரிக்காமல் மாதிரி எடுக்கும் குத்தூசி இதே வடிவம்தான்: கூர்முனை, உள்ளே குழல், சாக்கின் இழையை அறுக்காமல் விலக்கிக்கொண்டு நுழைந்து, சரக்கை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் துளை தானே மூடிக்கொள்ளும். 1957இல் தொடங்கி மிளகுக்கு முன்பேர வணிகம் நடத்திய சங்கம் இருந்ததும் இந்த யூதத் தெருவில்தான். சாக்கைத் துளைப்பது எந்தப் பையனாலும் முடியும். எங்கே துளைப்பது என்பதில்தான் தரகரின் தொழில் இருக்கிறது. வாய்ப்பக்கம் குத்தினால் நல்ல மிளகு வரும், ஏனென்றால் வாய்ப்பக்கம் குத்துவார்கள் என்று விற்பவருக்கும் தெரியும். ஆகவே தேர்ந்த கை அடிமூலையில் குத்தும், வயிற்றில் குத்தும், விற்பவர் சாதாரணமாகச் சாய்ந்து நிற்கும் மூட்டையில் முதலில் குத்தும். குத்தூசி யாரிடமும் ஒன்றுதான். இடம் தெரிந்தவருக்குத்தான் தரகு.

அந்தத் தொழில் கொசுவுக்கும் கைவந்திருக்கிறது. 1995இல் பார்ட் நோல்ஸ், ரூர்ட் டி யோங் என்ற டச்சு ஆய்வாளர் இருவர், ஆடை குறைத்து உட்கார்ந்த மனிதனை எந்தக் கொசு எங்கே கடிக்கிறது என்று பார்த்தார்கள். ஆப்பிரிக்க அனாஃபிலஸ் காம்பியே பாதத்தையும் கணுக்காலையும் நாடியது. ஐரோப்பிய அட்ரோபார்வஸ் தலையை நாடியது. முன்னதற்குப் பாதத்துப் பாக்டீரியாவின் வாடை வழிகாட்டி. கிருமிநாசினிச் சோப்பால் காலைக் கழுவியதும் கடி வேறிடத்துக்கு நகர்ந்தது. கால் வாடையும் லிம்பர்கர் பாலாடைக்கட்டி வாடையும் அந்தக் கொசுவுக்கு ஒன்றே என்று காட்டியதற்காக 2006இல் இவர்களுக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிப்பதற்கான பரிசு. நாம் சிரிக்கவில்லை. ரூன்க்வெஸ்ட் பகடைக்கு விட்ட கேள்வியை இவர்கள் மூக்குக்கு விட்டார்கள், அவ்வளவே வேறுபாடு.

மட்டாஞ்சேரி மாலைகளின் நாயகி கியூலெக்ஸ். ராமேஸ்வரம்–கல்வத்தி கால்வாய் போலத் தேங்கிக் கறுத்த நீரில் செழிப்பது, இருட்டியபின் வருவது, முழங்காலுக்குக் கீழே விருப்பம் கொண்டது. கர்ப்ஸ் விதிப்படி காலைக் குறிவைத்தால் 2, பாதத்தைக் குறிவைத்தால் 4 திறனில் குறைய வேண்டும். கியூலெக்ஸ் எதையும் குறைத்துக்கொள்வதாகத் தெரியவில்லை. தாக்கப்படுபவர் அசையாமல் உட்கார்ந்து பகடையையே பார்த்துக்கொண்டிருப்பதால் விதிநூல் தரும் சலுகைகள் எல்லாம் அதன் பக்கம் போய்விடுகின்றன.

கவச இயல்

இவ்வியலே ஆய்வின் உயிர். கேரளத்து முண்டு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இறங்கும் ஒரே துணி. அதை இரண்டு நிலையில் உடுக்கலாம். இறக்கி விட்டால் இடுப்பு முதல் கணுக்கால் வரை எங்கும் ஒரே கனம். மடித்துக் கட்டினால் தொடைக்கு இரட்டைக் கனம், முழங்காலுக்குக் கீழே சூனியம்.

மடித்தலின் கவசம் மிகாது குறையாது;
இடனே பெயரும் முழங்கால் வரம்பே.

துணியின் மொத்தம் மாறவில்லை, பங்கீடு மாறியது. ஆதிநூலின் ஒற்றை எண் கணக்கில் இரண்டு நிலைக்கும் கவசம் ஒன்றுதான். ரூன்க்வெஸ்ட் கணக்கில் இரண்டும் இரண்டு வேறு மனிதர்கள். மடித்துக் கட்டியவர் எங்கே தாக்கு வராதோ அங்கே காவலை இரட்டிப்பாக்கி, எங்கே தாக்கு வருமோ அங்கிருந்த காவலை எடுத்துவிட்டார். இதைச் செய்யும்போது அவர் முகத்தில் போருக்குக் கிளம்பும் களை ஒன்று தோன்றுவதையும் பதிவு செய்கிறேன்.

மடித்த முண்டைப் பெரியவர் எதிரே வந்தால் இறக்கி விடுவது இங்கே வழக்கம். கோயில் வாசலில், ஆசிரியர் முன்னால், மாமனார் முன்னால் இறங்கும். அக்கணம் கவசம் தொடையிலிருந்து கணுக்காலுக்குப் பரவுகிறது. மரியாதை தெரிந்தவர் குறைவாகக் கடிபடுவார் என்று இதனால் அறியப்படும். மாமனார் வீட்டில் மாலை முழுவதும் உட்கார்ந்திருக்கும் மருமகன் கொச்சியிலேயே பாதுகாப்பான மனிதன். இக்கோணத்தில் மரபை ஆராய்ந்தோர் இலர்.

இனி கனம். மெல்லிய பருத்தித் துணி தோலை ஒட்டிக் கிடந்தால் 2 மில்லிமீட்டர் ஊசிக்கு அது துணியே இல்லை. அதே துணி தோலிலிருந்து ஒரு விரல் தள்ளி நின்றால் ஊசி எட்டாது. எனவே கொசுவுக்கு எதிரே கவசத்தின் மதிப்பு கனத்தில் பாதி, விலகலில் பாதி. டாங்கி கட்டுவோர் இரண்டு தகட்டுக்கு நடுவே இடைவெளி விட்டுக் குண்டை ஏமாற்றும் உபாயத்தைக் கொச்சியில் கஞ்சி செய்கிறது. ஃபோர்ட் கொச்சியின் வெளி என்ற பகுதியில் தோபிக் கானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் சீருடை வெளுப்பதற்காகக் கொண்டுவரப்பட்டதாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழியினர் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். கிளிப் இல்லாமல், முறுக்கிய கயிற்றின் இழைக்கு நடுவே துணியின் நுனியைச் செருகிக் காயப்போடுவார்கள். அங்கே கஞ்சி போட்டுத் தேய்த்து வாங்கிய முண்டு உடலைத் தொடாமல் தனியே நிற்கும். அணிந்தவர் அதற்குள் குடியிருக்கிறார் என்று சொன்னால் தகும். அணிந்து ஒரு நாழிகை ஆனால், வேர்த்தால், உட்கார்ந்தால் அந்த விலகல் போய்விடும். கவசத்துக்கு ஆயுள் குறைவு என்பதையும் விதியில் சேர்க்க வேண்டும்.

உட்காருவதால் வரும் கேடு இன்னொன்று உண்டு. நிற்கும்போது தளர்ந்து தொங்கிய துணி உட்கார்ந்ததும் முழங்கால் மேலும் தொடையின் அடியிலும் இழுபட்டு ஒட்டிக்கொள்கிறது. நாற்காலி பிரம்பால் பின்னியதாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பின்னலின் ஒவ்வொரு கண்ணும் ஓர் அம்புப் புழை. கீழிருந்து மேல்நோக்கி, துணி வழியாக, உட்கார்ந்தவர் அறியாமலே படும் இந்தத் தாக்குக்குப் புறப்புண் என்ற பெயரே முறை. சேரமானைப் போல நாணி வடக்கிருக்கலாம் என்றால், அதற்கும் எங்காவது உட்கார வேண்டியிருக்கிறது.

தடையும் விடையும்

அற்றேல், கொசுவலை இருக்க இத்தனை வாதம் எதற்கு எனின்: வலை நல்ல கவசம். ஒரு சதுர அங்குலத்துக்கு 156 துளை என்பது வழக்கமான நெசவு. காற்று போகும், கொசு போகாது. ஆனால் வலையின் வலிமை துளையின் அளவில் மட்டும் இல்லை, உடலுக்கும் வலைக்கும் உள்ள தூரத்திலும் இருக்கிறது. உறங்குபவர் முழங்கையை வலையோடு சாய்த்தால் அவ்விடத்தில் வலை ஒற்றைத் துணியாகிவிடுகிறது, அதுவும் 156 வாசல் வைத்த துணி. அத்தனைப் பெரிய கூடாரத்தில் முழங்கை ஒட்டிய அந்த ஒரு இடத்தைக் கொசு கண்டுபிடிப்பதை விடியும் வரை பார்த்திருந்தவர்கள், துளைப்பைவிடப் படுமிடமே பெரிது என்ற கொள்கைக்கு வந்து சேர்வார்கள்.

கொசுவர்த்தி, மின்சாரத்தில் செருகும் திரவம் முதலியவை படுமிடம் பாராதவை. உடல் முழுவதற்கும் ஒரே எண் கொடுக்கும் ஆதிநூல் மரபைச் சேர்ந்தவை. மின்மட்டையும் அவ்வாறே, எங்கே பட்டாலும் கொசு பொரியும். கையால் அடிப்பது மட்டுமே ரூன்க்வெஸ்ட் மரபு. அதில் ஒரு தத்துவச் சிக்கல் உண்டு. கன்னத்தில் உட்கார்ந்த கொசுவை அடிக்கும்போது தாக்குபவர், தாக்கப்படுபவர், படுமிடம் மூன்றும் ஒருவரே. கொசு பறந்துவிட்டால் முழுச் சேதமும் கன்னத்துக்கு. கவசக் கழிவு இல்லை. அடுத்தவர் கன்னத்தில் இருந்தால் சிக்கல் நீதிமன்றத்துக்கு உரியது. எங்கள் நடத்துநர் உச்சக்கட்டத்தில் அரக்கனின் அடுத்த அடியை அறிவிக்க வாய் திறந்த நேரம் ஏஜென்சி இளைஞர் அவர் நெற்றியில் போட்டது கொசுவுக்கா, அரக்கனுக்கா என்பது இன்னும் தீர்ப்பாகவில்லை.

படுமிடம் பிழைக்கும் வழக்கு

சிரிப்பு சற்று நிற்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. யானைக்காலுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர்களில் ஒன்று ‘கொச்சிக் கால்’. ஊர்ப்பெயரே உறுப்பின் மேல் ஏறிவிட்டது. புனித தோமாவைக் கொன்றவர்களின் வழியினருக்கு ஒரு கால் யானைக் காலாகப் பிறக்கும் என்ற நம்பிக்கையை, 1580களில் கோவாவில் இருந்த டச்சுக்காரர் லின்ஸ்ஹோட்டன் எழுதி வைத்தார். நோய்ப்புழுவுக்குக் கொசு இடங்கொடுக்கிறது என்று 1877இல் சீனத்தின் அமாய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் கண்டார். கண்டும், கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் நோய் வருவதாக நினைத்தார். கடியால்தான் வருகிறது என்பது தெளிய 1900 ஆயிற்று. கொச்சிக்குத் தெற்கே சேர்த்தலைப் பக்கம் இந்நோயைப் பரப்பிய மன்சோனியா கொசுவின் புழு, ஆகாயத்தாமரையின் வேரைக் குத்தித் துளைத்து அதிலிருந்து காற்று வாங்கி வளரும். பிறந்ததிலிருந்து துளைப்பே தொழில்.

நம் கோட்பாட்டை இந்நோய் கலைத்துவிடுகிறது. கொசு நோய்ப்புழுவைக் குழாய் வழியே உள்ளே ஏற்றுவதில்லை. கடிக்கும்போது புழு தோலின் மேல் இறங்கி, கொசு போட்ட துளை வழியே தானே நுழைகிறது. துளைத்தவர் ஒருவர், புகுந்தவர் வேறொருவர். கடி முழங்கையில் இருக்கலாம், வீக்கம் ஆண்டுகள் கழித்துக் காலில் வரலாம். ரூன்க்வெஸ்ட் பட்டியலில் இதற்கு வரிசை கிடையாது. கேரளத்துக் கதையில் உண்டு. மலைமேல் கல் உருட்டிய நாறாணத்துப் பிராந்தன், வரம் கேள் என்ற காளியிடம் ஆயுளில் ஒரு நாள் கூட்டச் சொன்னான், முடியாது என்றாள். ஒரு நாள் குறைக்கச் சொன்னான், அதுவும் முடியாது என்றாள். சரி, என் ஒரு காலில் இருக்கும் யானைக்கால் வீக்கத்தை மறு காலுக்கு மாற்று என்றான். மாற்றிக் கொடுத்தாள். சேதத்தைத் தொடாமல் படுமிடத்தை மட்டும் மாற்றும் விதியை இவ்வளவு சுத்தமாகச் சோதித்துப் பார்த்தவன் வேறு எவனும் இல்லை.

ஆண்டுக்கொரு முறை யானைக்கால் தடுப்பு மாத்திரை கொடுக்கும் திட்டம் இருக்கும் ஊர்களில், நமக்கு எதற்கு என்று அதைத் தலையணைக்கு அடியில் வைப்பவர்கள் உண்டு. அவர்களோடு விவாதிக்க இக்கட்டுரையாளருக்குப் பொறுமை இல்லை. விழுங்குங்கள்.

திருத்திய பட்டியல்

மட்டாஞ்சேரிக்கு உரிய படுமிடப் பட்டியலை எங்கள் மேசை இவ்வாறு வகுத்திருக்கிறது. 20 முகப் பகடையில் 1 முதல் 7 வரை கணுக்கால்; எந்தக் கால் என்பது முக்கியமில்லை, ஒன்றை அடிக்கக் குனிந்தால் மற்றதில் கடிக்கும். 8 முதல் 11 வரை பாதமும் விரல் இடுக்கும். 12 முதல் 14 வரை முழங்கையின் பின்புறம், அதாவது கண்ணும் கையும் சேர்ந்து எட்டாத இடம். 15, 16 பிரம்பு நாற்காலி வழி வந்த புறப்புண். 17, 18 கழுத்து. 19 விரல் கணு. சேதம் சிறிது, சொறிச்சல் மும்மடங்கு. 20 வந்தால் காது. காதில் சேதமே இல்லை, கடியும் இல்லை, வெறும் ரீங்காரம். ஆனால் அன்றிரவு உறக்கம் முழுவதும் கழிக்கப்படும். மார்புக்கு எண் ஒதுக்கவில்லை.

அம்பு வழக்கின் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். கவசம் இல்லாத காலில் பட்ட துளைக்கும் அம்புக்குத் தனி வரவு கிடையாது. அங்கே அது சாதாரண அம்புதான். துளைப்புக்காகக் கொடுத்த காசு போனது போனதுதான். கணக்கர் மட்டும் இதை எதிர்த்து மாற்றுக் கருத்து எழுதி வைத்திருக்கிறார்.

முடிவுகளைச் சரிபார்க்க விரும்பும் ஆய்வாளர்கள் எந்த விடுமுறை நாளிலும் மாலை ஆறரைக்கு வரலாம். நாற்காலி நாங்கள் தருகிறோம். பிரம்பு வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பகடை கொண்டுவாருங்கள், காலுறை கொண்டுவாருங்கள். கொசு கொண்டுவர வேண்டியதில்லை.